டிபிஎஸ்2553 பவர் ஸ்விட்ச்: சூடேறினால் அணையும், ஆறியதும் திரும்ப வரும்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்2553, யூஎஸ்பி போர்ட் போன்ற 5 வோல்ட் லைன்களுக்கான சிறிய ஸ்விட்ச் சிப். 2.5 முதல் 6.5 வோல்ட் வரை ஓடும். கரன்ட் லிமிட்டை, அதாவது எவ்வளவு கரன்ட்டுக்கு மேல் விடக்கூடாது என்பதை, ஒரே ரெசிஸ்டரில் செட் செய்துவிடலாம். 20 கிலோஓம் போட்டால் சுமார் 1.3 ஆம்பியர்.

வெப்பப் பாதுகாப்புதான் இதன் பலம். உள்ளே இரண்டு சென்சார்கள். கரன்ட் லிமிட்டில் இருக்கும்போது 135 டிகிரியைத் தாண்டினால் முதலாவது அணைக்கும். இரண்டாவது, லிமிட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 155-ஐத் தாண்டினால் அணைக்கும். சுமார் 10 டிகிரி ஆறியதும் தானாகவே மீண்டும் ஆன் ஆகும்.

சிக்கலும் அங்கேதான். 1 ஆம்பியர் சாதாரண லோடில் ஸ்விட்ச்சின் 85 மில்லிஓம் ரெசிஸ்டன்ஸில் வீணாவது வெறும் 85 மில்லிவாட். எஸ்ஓடி-23 என்ற சிறிய பேக்கேஜில் (சிப்பின் உறை) வாட்டுக்கு சுமார் 182 டிகிரி என்று பிடித்தால், 15 டிகிரிதான் ஏறும்; கவலையே இல்லை. அவுட்புட் முழுதாக ஷார்ட் ஆனால் 5 × 1.3, அதாவது 6.5 வாட். சரி, அது அணைவதில் வியப்பில்லை. ஆனால் ஓவர்லோடில் அவுட்புட் 4 வோல்ட்டுக்கு இறங்கினாலே, ஸ்விட்ச்சில் நிற்கும் மீதி 1 வோல்ட்டால் 1.3 வாட், 230 டிகிரிக்கு மேல் ஏற்றம்! சுற்றுவெப்பம் 50 டிகிரி என்றால், 135-க்கு 85 டிகிரிதான் மிச்சம்; ஸ்விட்ச்சின் குறுக்கே 0.36 வோல்ட்டுக்கு மேல் நின்றாலே நிதானமாக ஓடாது. ஆக, இதைத் தொடர்ந்து கரன்ட் கட்டுப்படுத்தும் கருவியாக நம்பாதீர்கள். ஷார்ட் நீங்கும்வரை அணைந்து அணைந்து ஆன் ஆகும். சிப் பிழைத்துக்கொள்ளும், அந்தத் துடிப்பைத் தாங்க வேண்டியது கனெக்டரும் கேபிளும்.

ஆள் பார்க்காத இடத்துக்கு இதன் இன்னொரு வகையான டிபிஎஸ்2553-1 மேலானது. ஓவர்கரன்ட் சுமார் 7.5 மில்லிசெகண்ட் நீடித்தால் அணைந்து அப்படியே நிற்கும். எனேபிள் காலை (சிப்பை ஆன், ஆஃப் செய்யும் பின்) அல்லது பவரையே ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் திரும்பும்.

கோளாறைச் சொல்லும் ஃபால்ட் கால் ஓபன் டிரெயின், அதாவது லோவுக்கு இழுக்க மட்டுமே தெரியும்; ஆகவே அதை ஹையில் வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம். வெப்பத்தால் அணைந்தால் தாமதமின்றி லோ ஆகும். ஓவர்கரன்ட்டுக்கு மட்டும் அந்த 7.5 மில்லிசெகண்ட் காத்திருப்பு. அவுட்புட்டில் 120 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 1.3 ஆம்பியரில் அரை மில்லிசெகண்டுக்குள் நிரம்பிவிடும் என்பதால் ஸ்டார்ட்டிங்கில் பொய் ஃபால்ட் வராது. ஷார்ட்டைச் சோதிக்கும்போது ஆசிலோஸ்கோப் புரோபை அவுட்புட்டிலும் வையுங்கள்; ஃபால்ட் மட்டும் பார்த்தால் துடிப்பு தெரியாமல் போகலாம்.

போர்டில் இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, காலை ஒட்டியே, குறைந்தது 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் வேண்டும். லிமிட் ரெசிஸ்டரின் டிராக் நீண்டால் செட் செய்த கரன்ட் விலகும். எஸ்ஓடி-23-க்கு அடியில் சூட்டை இறக்கும் உலோகப் பேட் கிடையாது, சூடு கால்கள் வழியாகத்தான் இறங்கும். அங்கே காப்பரில் கஞ்சத்தனம் கூடாது.