சென்னை வெயிலில் டர்போ கார்: இன்டர்கூலர் வேலைகளில் எது நிலைத்தது, எது வீண்

காலையில் இருக்கிற இழுவை மதியம் இல்லை. கத்திரி வந்தாலே சென்னையில் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை இது. பெரும்பாலும் இன்ஜினில் கோளாறு எதுவும் இருக்காது, உள்ளே போகிற காற்றுதான் சூடு. வெளியே 38 டிகிரி, டர்போ கொடுப்பது ஒரு பார் பூஸ்ட் (வெளிக் காற்றுக்கு மேல் கூடுதல் அழுத்தம்), டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கம்ப்ரஸரை விட்டு வரும் காற்று ஏறக்குறைய 135 டிகிரி. ஏறிய அந்தச் சூட்டில் 70 சதவீதத்தை, அந்தக் காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலர் இறக்கினால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்கு 67 டிகிரியில் போகும். 85 சதவீதத்தை இறக்கினால் 53 டிகிரி. இந்த 14 டிகிரியில் காற்றின் அடர்த்தி நாலு சதவீதம்தான் மாறும், அதைக் கால் உணராது. சூடான காற்றில் நாக்கிங் (எரிபொருள் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) வராமலிருக்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளுகிறது, சில வண்டிகளில் பூஸ்டையும் குறைக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தெரிவது அந்த இழப்பு.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் ஒரு புளூடூத் ஓபிடி அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். ஆனால் ஆப் காட்டும் 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' எந்த சென்சாரிலிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். சில வண்டிகளில் அது ஏர் ஃபில்டரை அடுத்த ஏர்ஃப்ளோ மீட்டருக்குள் இருக்கும், அதாவது டர்போவுக்கு முன்னாலேயே. நமக்கு வேண்டியது இன்டர்கூலரைத் தாண்டிய சென்சார். சாலை காலியாக இருக்கும்போது மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தினால், எண் ஏறினால் அது மேனிஃபோல்டு பக்கம். அசையாமல் இருந்தாலோ இறங்கினாலோ ஃபில்டர் பக்கம்.

அந்த எண்ணிலிருந்து வெளி வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது 10 முதல் 15 டிகிரி அதிகம் என்றால் நல்ல நிலை. அதே ஓட்டத்தில் 25ஐத் தாண்டினால் எங்கோ காற்று தப்புகிறது அல்லது அடைத்திருக்கிறது. நெரிசலில் 30 டிகிரி அதிகமாவது சகஜம், நெரிசல் விட்டதும் ஓரிரு கிலோமீட்டரில் இறங்கிவிட வேண்டும்.

சென்னையில் இன்டர்கூலருக்குச் சோதனை அந்த நெரிசல்தான். மெட்ரோ வேலை நடக்கிற ஓஎம்ஆரிலோ மாலை நேரக் கத்திப்பாராவிலோ ஊர்ந்து போகும்போது பம்பருக்கு முன்னால் காற்றோட்டமே கிடையாது. ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் கக்கும் சூடு பம்பருக்குள் சுழன்று இன்டர்கூலரின் மேல் படிகிறது. அலுமினியம் முழுக்கச் சூடேறியபின் பச்சை சிக்னல் விழுந்து நாம் மிதிக்கும்போது, அது காற்றைக் குளிர வைக்காமல் சூடேற்றவும் கூடும். ஆகவே நெடுஞ்சாலைக் கணக்கை மட்டும் வைத்துப் பெரிய இன்டர்கூலர் வாங்குவது இந்த ஊருக்குப் பாதித் தீர்வுதான்.

இங்கே குறைந்த செலவில் அதிகப் பலன் கொடுத்தது இன்டர்கூலரைத் தவிர்த்துக் காற்று தப்பும் சந்துகளை அடைக்கும் வேலை. பம்பர் ஒருமுறை கழற்றி மாட்டப்பட்ட வண்டியில், அதுவும் இடிபட்டு பாடி ஷாப் போய் வந்த வண்டியில், கிரில்லுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் ஏர் கைடு பல நேரம் காணாமல் போயிருக்கும். கிளிப் உடைந்ததால் மாட்டாமல் விட்டிருப்பார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. டார்ச் அடித்து கிரில் வழியாகப் பார்த்தால் இன்டர்கூலரின் இரு பக்கமும் விரல் நுழையும் சந்து தெரியும். காற்று ஃபின்களுக்குள் (இன்டர்கூலரின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்குள்) முண்டிப் போகாமல் அந்தச் சந்து வழியே சுற்றிக்கொண்டு போய்விடும். ஏர் கைடு தனி பாகமாகவே கிடைக்கும், வாங்கி மாட்டுங்கள். மிச்ச இடைவெளிக்கு 10 அல்லது 12 மி.மீ. இபிடிஎம் ரப்பர் ஃபோம் பட்டையை ஒட்டுங்கள். மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் வேண்டாம், தண்ணீரைக் குடித்து ஒரே மழையில் தொங்கிவிடும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்காவிட்டால் வெயிலில் பசை விட்டுவிடும். பம்பர் கழற்றியிருக்கும்போதே ரேடியேட்டரின் மேல் பட்டியையும் அடைத்துவிட்டால், நெரிசலில் பின்னாலிருந்து சூடு திரும்பி வருவதும் குறையும்.

அதே நேரத்தில் ஃபின்களையும் கழுவலாம். குழாய்த் தண்ணீர் அழுத்தம் போதும், பின்பக்கமிருந்து முன்பக்கமாக. வாட்டர் வாஷ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின்கள் மடிந்துவிடும், அழுக்கை விட அது பெரிய அடைப்பு. ஈசிஆர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று ஃபின்களை வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். விரலால் தொட்டதும் உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை, புதிது போட வேண்டியதுதான்.

அடுத்து ஹோஸ். டர்போவின் வாயில் ஒரு அடைப்பான் வைத்து, அதில் பொருத்திய டயர் வால்வு வழியாக 0.7 பார் வரை காற்று ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிவு குமிழ் விட்டுக் காட்டும். அதற்கு மேல் ஏற்றினால் கிரான்க்கேஸ் சீல்களுக்கு ஆகாது. காற்று கசியும் வண்டியில் டர்போ கூடுதல் வேகத்தில் சுழன்று அதே பூஸ்டைக் காட்டும், காற்று அதனாலேயே இன்னும் சூடாகும். பைப்புக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. இன்டர்கூலரின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால் டர்போ சீலையும் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பார்க்க வேண்டும். டீசலில் இதை விட்டுவைக்கவே கூடாது. தேங்கிய எண்ணெயை இன்ஜின் இழுத்துக்கொண்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும்.

பெரிய இன்டர்கூலர் எப்போது? ரீமேப் (இசியு மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டுவது) செய்யாத வண்டிக்குத் தேவையில்லை என்பது எங்கள் முடிவு. ரீமேப்பின் முதல் கட்டமான ஸ்டேஜ் 1 போட்ட வண்டிக்கு நிச்சயம் பலன் உண்டு. தடித்த பட்டைகளையும் தகடுகளையும் அடுக்கிய பார் அண்ட் பிளேட் வகை எடை அதிகம், சூடேற நேரம் எடுக்கும், சூடேறிவிட்டால் ஆறவும் நேரம் எடுக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அது நன்றாக வேலை செய்யும். தினமும் தரமணிக்கும் சிறுசேரிக்கும் போகிற வண்டிக்கு, மெல்லிய குழாய்களால் ஆன, சீக்கிரம் ஆறிவிடும் டியூப் அண்ட் ஃபின்தான் பொருத்தம், ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் அது குறைவாகத்தான் மறைக்கும். தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். 76 மி.மீ. தடிமனில் பின் பாதிக்கு வந்து சேர்வது ஏற்கெனவே சூடான காற்று. 50 முதல் 65 மி.மீ. தடிமனில் முகப்பரப்பு அகலமாக இருப்பதே மேல். இன்டர்கூலரைக் கடக்கும்போது பூஸ்ட் அழுத்த இழப்பு 0.1 பாருக்குள் நிற்க வேண்டும்.

இதில் சொல்லாமல் விடப்படுவது ஏசி. பெரிய இன்டர்கூலர் கண்டென்சருக்கு முன்னால் உட்கார்ந்தால் சிக்னலில் ஏசி குளிர்ச்சி குறையும், ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடும். மே மாதத்தில் வீட்டில் யாரும் அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். மாட்டும்போது கண்டென்சரின் பெரும்பகுதி மறைகிறதா என்று பார்த்து, மறைந்தால் வேறு அளவு எடுங்கள். பிராக்கெட்டுக்கு ரப்பர் புஷ் கட்டாயம். நேராக போல்ட் அடித்தால் நம் ஸ்பீடு பிரேக்கர்களில் எண்ட் டேங்க் (இரு முனைகளிலும் உள்ள காற்றுத் தொட்டி) வெல்டிங் விரிசல் விடும்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் 1.0 டிஎஸ்ஐ போன்ற இன்ஜின்களில் இன்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே, கூலன்ட் ஓடும் வகையாக இருக்கிறது. முன்னால் பெரிதாக எதையும் மாட்ட முடியாது, தேவையும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது தனி எலக்ட்ரிக் பம்பையும் அந்தச் சுற்றில் சிக்கும் காற்றுக் குமிழையும். கூலன்ட் மாற்றியபின் சூடு அதிகம் காட்டினால் காற்று சரியாக எடுக்கப்படவில்லை என்று பொருள். வேக்யூம் ஃபில்லிங் வசதி உள்ள இடத்தில் மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். போர் தண்ணீர் ஊற்றவே கூடாது.

கூம்பு வடிவ ஓப்பன் ஃபில்டர் சத்தம் கொடுக்கும், குளிர்ந்த காற்று கொடுக்காது. பானட்டுக்குள் இருக்கும் சூட்டை இழுத்தால், நுழைவில் 10 டிகிரி ஏறும் காற்று கம்ப்ரஸரைத் தாண்டும்போது 13 டிகிரி ஏறியிருக்கும். ஃபில்டரைக் கீழே வீல் ஆர்ச்சுக்குள் இறக்கினால் காற்று குளிர்ச்சிதான், ஆனால் நவம்பரில் வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் அது இன்ஜினுக்குள் தண்ணீரை இழுத்து கனெக்டிங் ராடை வளைத்துவிடும். கம்பெனி வைத்த உயரத்திலேயே வாய் இருக்கட்டும்.

வெப்பத் தடுப்புப் பட்டை சுற்றுவதாக இருந்தால் இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் பைப்பில் மட்டும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு வரும் பைப் பானட்டுக்குள் இருக்கும் காற்றை விடச் சூடு, அது திறந்திருந்தால் போகிற வழியில் கொஞ்சம் ஆறும்.

இன்டர்கூலரின் மேல் தண்ணீர் தெளிக்கும் முறை புதிதல்ல, சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐயில் கம்பெனியே கொடுத்தது. நம் ஊர்ப் புழுக்கத்திலும் வேலை செய்யும், ஃபின் அவ்வளவு சூடாக இருப்பதால். டிஸ்டில்டு வாட்டர் இல்லாவிட்டால் உப்பு படியும். மெத்தனால் கலந்து இன்ஜினுக்குள் செலுத்தும் கிட்டை இங்கே நினைக்க வேண்டாம், தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவை.

புதுப்பேட்டையில் பழைய இன்டர்கூலர் மலிவாகக் கிடைக்கும். டர்போ வெடித்த வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால் உள் ஃபின்களுக்கிடையே கம்ப்ரஸர் வீலின் உலோகத் துண்டுகள் சிக்கியிருக்கும். எத்தனை முறை அலசினாலும் முழுதாக வராது, பிறகு பூஸ்டோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். உங்கள் வண்டியிலேயே டர்போ போயிருந்தாலும் இதே கதைதான். புது டர்போவுக்கு பில் போடும்போது இன்டர்கூலரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.