முதல் சிறிய டிராக்டர்: கியரா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா?

குதிரைத்திறன் எவ்வளவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இரண்டு மூன்று ஏக்கருக்கு 25 குதிரைத்திறன் பெரும்பாலும் போதும். ஆனால் உங்கள் காலுக்கும் கைக்கும் தினமும் வேலை வைக்கப்போவது டிரான்ஸ்மிஷன்தான், அதாவது எஞ்சின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் அமைப்பு. அது கியராக இருக்கலாம், ஹைட்ரோஸ்டாட்டிக்காகவும் இருக்கலாம்.

கியர் வண்டி விலை குறைவு, அமைப்பும் எளிது. எஞ்சின் சக்தி பற்சக்கரங்கள் வழியே போவதால் இழப்பு குறைவு. உழவு மாதிரி ஒரே வேகத்தில் நீளமாகப் போகும் வேலைக்கு இதுதான் சரி.

ஹைட்ரோஸ்டாட்டிக்கில் பம்பு எண்ணெயை அழுத்தி ஹைட்ராலிக் மோட்டாரைச் சுழற்றுகிறது. முன்னே போக, பின்னே வர, வேகம் மாற்ற எல்லாமே மிதியில்தான். கிளட்சைத் தொட வேண்டாம். லோடரில் (வண்டியின் முன்னால் மாட்டும் வாளி) மண் அள்ளிக் கொட்டும்போது இதன் அருமை தெரியும். முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும் அந்த வேலை, கியர் வண்டியில் இடது காலை ஒரு வழியாக்கிவிடும், கிளட்சும் தேயும். அப்புறம் புல் வெட்டுவது. புல் அடர்ந்த இடத்தில் புல் வெட்டும் கருவிக்கு எஞ்சின் சக்தியைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டின் சுற்று (நிமிடத்துக்குப் பெரும்பாலும் 540) குறையாமல் வண்டியை மட்டும் மெதுவாக்கலாம். ஒற்றைக் கிளட்ச் உள்ள கியர் வண்டியில் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வுக்குப் போகும் சக்தியும் அறுந்துவிடும். பதிலுக்கு, ஹைட்ரோஸ்டாட்டிக்கில் கொஞ்சம் சக்தி வெப்பமாக வீணாகும். எண்ணெயும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றியாக வேண்டும், பழுது வந்தால் செலவும் கூடுதல்.

உழவே பிரதானம் என்றால் கியர். மற்றபடி, ஓட்டிப் பழகாதவருக்கு நான் ஹைட்ரோஸ்டாட்டிக்கைத்தான் சொல்வேன். எதுவானாலும் சரி, கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம்.