குழந்தைக்குக் காசநோய் சோதனை: தோல் ஊசியா, ரத்தமா?

அமெரிக்காவில் காசநோய் குறைவு, ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 3 பேர்தான். அதனால் நோயாளியோடு பழகிய, அல்லது நோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து வந்த குழந்தைகளைத்தான் முக்கியமாகச் சோதிப்பார்கள்.

அலைச்சல்: மாண்டூ என்ற தோல் ஊசி போட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்த் தடிப்பை அளக்க வேண்டும், சிவப்பு கணக்கில்லை. இக்ரா ரத்தப் பரிசோதனைக்கு ஒரே தடவை போனால் போதும்.

பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி): பெரிய வித்தியாசம் இங்கேதான். நம் ஊரில் பிறந்ததும் பிசிஜி போட்ட குழந்தைக்கு, கிருமி இல்லாமலேயே மாண்டூ தடித்துவிடலாம். இக்ரா தேடும் புரதங்கள் பிசிஜியில் இல்லை, அதனால் அது ஏமாறாது.

வயது: 2 வயதுக்குள் இக்ரா முடிவு தெளிவில்லாமல் போகலாம், பெரும்பாலும் மாண்டூதான்.

சரி, இரண்டுமே கிருமி உறங்குகிறதா, நோயாகிவிட்டதா என்று சொல்லாது. இருமல், எடை குறைவு, விடாத காய்ச்சல் இருந்தால் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் தயவுசெய்து நிம்மதியாகிவிடாதீர்கள், மார்பு எக்ஸ்ரே கேளுங்கள். சின்னக் குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடும், அதனால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்துப் பார்ப்பார்கள்.

பிசிஜி போட்ட, 2 வயது தாண்டிய பிள்ளைக்கு இக்ரா. கைக்குழந்தைக்கு மாண்டூ.