மோட்டோரோலா எஸ்-ரெகார்டு: ஈப்ராம் எரிக்க இன்னும் நல்ல சாய்ஸ்தான், ஆனால்...

ஈப்ராம் என்ற, அழித்து மறுபடி எழுதக்கூடிய மெமரி சிப்பில் ஏற்ற வேண்டிய டேட்டாவை ஹெக்ஸ் எழுத்துகளாக வரி வரியாக வைக்கும் டெக்ஸ்ட் ஃபார்மட் இது. 1970களில் 6800 பிராசஸருக்காக மோட்டோரோலா கொண்டுவந்தது. ஃபைல் எக்ஸ்டென்ஷன் எஸ்19, எஸ்28, எஸ்37 என்று எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே சரக்கு. இதுவா, இதே வேலைக்கான இன்டெல் ஹெக்ஸ் ஃபார்மட்டா என்றால், 64 கேபியைத் தாண்டும் வேலைக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

காரணம் முகவரி. இன்டெல் ஹெக்ஸின் டேட்டா வரியில் 16 பிட் முகவரிக்கு மட்டுமே இடம். மேல் 16 பிட்டை 04 வகை வரி தனியாகச் சொல்லும். அடுத்த 04 வரும்வரை அதுவே செல்லுபடி. அந்த ஒரு வரி விடுபட்டால் பின்னால் வருவதெல்லாம் வேறு 64 கேபியில் போய் உட்காரும். பிழையைக் கண்டுபிடிக்க வரிக் கடைசியில் இருக்கும் செக்சம் ஒன்றுகூடக் கூச்சல் போடாது. எஸ்-ரெகார்டில் எஸ்1க்கு 16, எஸ்2க்கு 24, எஸ்3க்கு 32 பிட் என முழு முகவரியும் அந்தந்த வரியிலேயே இருக்கும். டேட்டா வரிகளை முன்பின் மாற்றினாலும் பாதகமில்லை.

ஒரு வரி பாருங்கள்: எஸ்1050000214495. 05 என்பது அதற்குப் பின்னால் வரும் பைட்டுகள்: முகவரி 2, டேட்டா 2, செக்சம் 1. அடுத்து முகவரி 0000, டேட்டா 21, 44. 05 முதல் 44 வரை ஹெக்ஸில் கூட்டினால் 6ஏ. பிட்டுகளைத் திருப்பினால் (0-ஐ 1 ஆக, 1-ஐ 0 ஆக) 95. அதே டேட்டா இன்டெல் ஹெக்ஸில் :02000000214499. அங்கே எண்ணிக்கையில் டேட்டா மட்டும்தான் சேரும், செக்சமும் டூஸ் காம்ப்ளிமென்ட் (பிட்டுகளைத் திருப்பி 1 கூட்டியது). கையால் திருத்துகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டிலும் ஒரே ஓட்டை: 21, 44 இடம் மாறினாலும் செக்சம் மாறாது. எரித்தபின் வெரிஃபை செய்தாலும் இது சிக்காது. அது ஃபைலிலிருந்து ஏற்றி வைத்த நகலான பஃபரைத்தான் சிப்போடு ஒப்பிடுகிறது, மூல ஃபைலோடு அல்ல.

நிஜத் தொல்லை ஆஃப்செட், அதாவது ஃபைல் முகவரிக்கும் சிப் முகவரிக்கும் உள்ள வித்தியாசம். 6809 பிராசஸர் போர்டில் 32 கேபி 27சி256 ஈப்ராம், முகவரிகளின் மேல்பாதியில் 8000 (ஹெக்ஸ்) முதல் உட்காரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலிலும் முகவரி 8000-இல்தான் தொடங்கும். சிப்புக்கோ எல்லாமே 0000 முதல். சிப்பை எரிக்கும் கருவியான புரோகிராமரில் 8000-ஐக் கழிக்காமல் ஏற்றினால் ஒன்று எரர் வரும், அல்லது சத்தமில்லாமல் காலி சிப் கிடைக்கும். கழித்தபின் 7எஃப்எஃப்இ-ஐத் திறந்து பாருங்கள்: ரீசெட் வெக்டர் (பிராசஸர் ஓடத் தொடங்கும் முகவரி) அங்கே இருக்க வேண்டும், மேல் பைட் முதலில்.

ஃபைலில் இல்லாத இடங்களை எஃப்எஃப்-ஆல் நிரப்புங்கள். அழித்த ஈப்ராமில் இருப்பது அதுதான். 00 போட்டால் அந்த இடமெல்லாம் எரிந்துவிடும். பிறகு ஒரு பேட்ச் சேர்க்கவும் முழுச் சிப்பையும் யூவி விளக்கில் அழிக்க வேண்டும்.

இரண்டு ஃபைலை அப்படியே ஒட்டாதீர்கள். முதல் ஃபைலின் முடிவைச் சொல்லும் எஸ்9 வரியைக் கண்டதும் பல லோடர்கள் (ஃபைலைப் படித்து ஏற்றும் புரோகிராம்கள்) நின்றுவிடும், மீதி ஏறாது. இலவச எஸ்ரெக்-கேட் கருவியால் இணைத்தால் அந்த வரியை அதுவே ஒழுங்குபடுத்தும். ஆஃப்செட், நிரப்பல் இரண்டும் அதிலேயே முடியும்.

குறை என்றால் பருமன். 32 பைட் டேட்டா உள்ள எஸ்3 வரி 78 எழுத்து, அதாவது சுமார் இரண்டரை மடங்கு. சீரியலில் அனுப்பும்போது ஃபிளாஷ் எழுதும் நேரத்தில் வரிகள் தவறினால் டெரா டெர்ம் என்ற டெர்மினல் மென்பொருளில் வரிக்கு வரி டிலே வையுங்கள். எஸ்5 வரியும் சேர்த்திருந்தால் எத்தனை டேட்டா வரி வந்திருக்க வேண்டும் என்பதை லோடர் சரிபார்க்க முடியும். ஆனால் பல லோடர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.