நேரு வீதி ஷூ கடை: சரக்கு பரவாயில்லை, அலட்டல்தான் ஜாஸ்தி

புதுச்சேரி நேரு வீதியில் ரீல்ஸ் போட்டே பிரபலமான ஒரு ஷூ கடைக்கு, பிளஸ் ஒன் படிக்கும் பையன் நச்சரித்ததால் போனோம். சரக்கு மோசமில்லை, அடிப்பாகத்தில் வெறும் பசை மட்டுமில்லாமல் சுற்றிலும் தையலும் இருக்கிறது, குதிகால் கடிக்கவில்லை. விற்கிற விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. கடைத் தம்பி ஷூவைக் காட்டும் முன்பே போனை நீட்டி, "இதுதான் சார் இப்ப டிரெண்டிங்" என்கிறார், நான் மழைக்குத் தாங்குமா என்று கேட்டால் ரெண்டு பேருமே என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அந்த ரீலில் ஆடுகிறவருக்குக் கடை காசு கொடுத்ததா, ஓசியில் ஒரு ஜோடி கொடுத்ததா, எதுவும் போடவில்லை. விளம்பரம் என்றால் அப்படிக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சில் 2021லேயே விதி கொண்டுவந்துவிட்டது. மகனிடம் சொன்னால், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்ப்பா, தெரிஞ்சுதான் பார்க்கிறோம்" என்கிறான். (நாங்கள் மட்டும் டிவி விளம்பரப் பாட்டைப் பாடிக்கொண்டே வளரவில்லையா, அது வேறு விஷயம்.)

அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவார்கள், பணம் திரும்பாது. தீபாவளி நேரத்தில் மட்டும் போகாதீர்கள், உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஸ்டூல்கூடக் கிடைக்காது.