செங்கல் சுவருக்குள் ஆழ்ந்த ஒலி: வீட்டில் செய்யும் சப்வூஃபருக்கு மூடிய பெட்டியா, போர்ட் பெட்டியா?

ஹோம் தியேட்டருக்குத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் ஒன்றைத் தாமே செய்துகொள்ள விரும்புகிறவர், அதில் பொருத்தும் வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கரை வாங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். காற்றுப் புகாத மூடிய பெட்டியா, குழாய் வைத்த போர்ட் பெட்டியா என்பதே அது. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை போர்ட் பெட்டியையே பரிந்துரைக்கின்றன. ஆனால் அவற்றில் பல, மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. அத்தகைய சுவர் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு வளைந்துகொடுத்து, ஒலியில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். புதுவையின் லாஸ்பேட்டையிலோ கடலூரின் மஞ்சக்குப்பத்திலோ செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் கொண்ட ஓர் அறையில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நம் பகுதியின் பெரும்பாலான வீடுகளுக்கு மூடிய பெட்டியே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போர்ட் பெட்டி வெல்லும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றே வூஃபர் கூம்புக்கு ஒரு சுருள்வில்லாகிறது. எட்கர் வில்ச்சர் 1954இல் ஏ.ஆர்.-1 என்ற ஒலிபெருக்கியில் இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். போர்ட் பெட்டி அதற்கும் மூத்தது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930களின் தொடக்கத்திலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். குழாய்க்குள் இருக்கும் காற்று ஓர் எடைபோல நின்று, பெட்டியின் காற்றோடு சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானே ஒலிக்கிறது. அந்த அதிர்வெண்ணில் கூம்பு ஏறக்குறைய அசையாமல் நிற்க, ஒலியின் பெரும்பகுதி குழாய் வழியே வரும். இதனால் அதே ஆற்றலில் அதிக ஒலி கிடைக்கிறது என்பதே போர்ட்டின் பெருமை. ஆனால் அந்த எல்லைக்குக் கீழே அதன் ஒலி, அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 24 டெசிபல் சரிகிறது. மூடிய பெட்டியில் சரிவு 12 டெசிபல் மட்டுமே.

இந்தச் சரிவை வீட்டின் அறையோடு வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட ஓர் அறையில் நீளவாக்கில் முதல் நிலையலை, அதாவது எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பி அறைக்குள்ளேயே நின்று முழங்கும் அலை, ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸில் எழும். அதற்குக் கீழே ஒலி அலையின் பாதி நீளம்கூட அறைக்குள் அடங்காததால், வூஃபர் அலையை அனுப்புவதை விட்டுவிட்டு அறைக்காற்று முழுவதையும் அழுத்தித் தளர்த்தத் தொடங்குகிறது. சுவர்கள் விறைப்பாகவும் கதவுகள் இறுக்கமாகவும் இருந்தால், இந்த அழுத்தம் அதிர்வெண் பாதியாகும்போது அதிகபட்சமாக 12 டெசிபல் வரை ஏறும். மூடிய பெட்டி எந்த அளவுக்குச் சரிகிறதோ, அந்த அளவுக்கு அறை தூக்கிக் கொடுக்கிறது. கதவிடுக்கும் ஜன்னலும் இருப்பதால் நடைமுறையில் முழு 12 டெசிபலும் வராதுதான். என்றாலும் ஏ.சி. போட்டு மூடிய ஒரு கான்கிரீட் அறையில் காதுக்கே தெரியும் அளவுக்கு வரும். அதே அறையில் 25 ஹெர்ட்ஸ் வரை சமமாக ஒலிக்கும் போர்ட் பெட்டியை வைத்தால், அறையின் உயர்வு அதன் மேல் ஏறிக்கொண்டு வெடிச்சத்தம் எல்லாம் ஒரே முழக்கமாகிவிடும். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ஏ.வி. ரிசீவரில், அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் அறைத் திருத்த வசதியால் அந்த மிகையைக் குறைக்கலாம், குறைத்தால் வூஃபருக்கு உழைப்பும் குறையும் என்பது போர்ட் தரப்பின் நியாயமான வாதம். ரிசீவரில் அந்த வசதி உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீடு மாறினால் தீர்ப்பும் மாறும். புதுவையின் பழைய வீதிகளில் முற்றம் வைத்த, உயர்ந்த மெட்ராஸ் தளக் கூரையுள்ள வீடுகளில் கூடத்துக்கு நான்கு புறமும் அடைப்பு இருப்பதில்லை. அங்கே அழுத்தம் தங்காது. போர்ட் பெட்டி இல்லாமல் 25 ஹெர்ட்ஸை எட்டுவது கடினம். கூடமும் சாப்பாட்டு அறையும் மாடிப்படியும் ஒன்றாகத் திறந்திருக்கும் புதிய வீடுகளும் இதே வகைதான். பாட்டு மட்டுமே கேட்பவர் இவ்வளவு ஆழம் போக வேண்டியதில்லை. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரமே ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ்தான்.

எண்ணில் காட்டுவதற்கு ஒரு 12 அங்குல வூஃபரை எடுத்துக்கொள்வோம். அதன் இயல்பு அதிர்வெண்ணான எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ், அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டும் கியூ.டி.எஸ். 0.45, கூம்பின் தாங்கலுக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்றின் அளவான வி.ஏ.எஸ். 80 லிட்டர் என்று இருக்கட்டும். பெட்டியோடு சேர்த்து மொத்தக் கியூ 0.707 வரும்படி மூடிய பெட்டி கட்டினால் 55 லிட்டர் போதும். ஒலி 44 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லச் சரியத் தொடங்கும். மேலே சொன்ன அறையின் 47 ஹெர்ட்ஸுக்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். வூஃபரும் உள்தாங்கலும் அடைக்கும் இடத்தைச் சேர்த்தாலும், உள்ளளவு 39 செ.மீ. கொண்ட ஒரு கனசதுரத்தில் வேலை முடிந்துவிடும். எட்டுக்கு நாலு பிளைவுட்டில் ஏறக்குறைய பாதி மிஞ்சும். அதே வூஃபருக்கு, குழாய் 25 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்படி இசைத்த போர்ட் பெட்டி என்றால் 110 லிட்டர் வேண்டும். நாலு அங்குல பி.வி.சி. வடிகால் குழாயின் உள்விட்டம் 10.4 செ.மீ. என்று கொண்டால், அதன் நீளம் 30 செ.மீ. வரும். 20 ஹெர்ட்ஸுக்கு இறக்க ஆசைப்பட்டால் நீளம் 50 செ.மீ. ஆகிப் பெட்டியின் உள்ளாழத்தையே மிஞ்சிவிடும். எல்போ போட்டு வளைக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டும்போது நாலு அங்குலக் குழாயில் காற்று விரைந்து 'புஸ் புஸ்' என்று இரையும். அதைத் தவிர்க்க ஆறு அங்குலக் குழாய் போட்டால் 25 ஹெர்ட்ஸுக்கே 65 செ.மீ.க்கு மேல் தேவைப்படும். போர்ட் பெட்டியில் ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாமும் நகரும். மூடிய பெட்டி இரண்டு லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் கேட்பவருக்குத் தெரியாது. முதன்முறை ரம்பம் பிடிக்கிறவருக்கு இந்தச் சலுகை பெரிது.

போர்ட் பெட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இசைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்புக்குப் பின்னால் பிடிமானமே இல்லாமல் போகிறது. 25 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு ஒரு படத்தின் 15 ஹெர்ட்ஸ் உறுமல் போய்ச் சேர்ந்தால், கூம்பு தன் எல்லை தாண்டி முன்னும் பின்னும் அடித்து, கூம்பை இயக்கும் கம்பிச்சுருள் பின்தகட்டில் இடிக்கும். இதைத் தடுக்கும் சப்சோனிக் ஃபில்டர் விலை மலிந்த ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் பலவற்றில் கிடையாது. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றே பெருமளவு காவலாக நிற்கிறது.

வூஃபரைப் பொறுத்தவரை மூன்று வகை கைக்குக் கிடைக்கும். கார் ஆக்சஸரீஸ் கடைகளில் கிடைப்பவை மூடிய சிறு பெட்டிக்கு ஏற்றவை. ஆனால் காகிதத்தில் எஃப்.எஸ்., கியூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். போன்ற தியேல்-ஸ்மால் அளவுகள் அச்சிடப்படாத எதையும் வாங்க வேண்டாம். திருவிழாப் பந்தலில் சவுண்ட் சர்வீஸ்காரர் பயன்படுத்தும் வூஃபர்களின் ஓங்கிய குரலைக் கேட்டு அவற்றையே வீட்டுக்கும் விரும்புகிறவர்கள் உண்டு. அவை குறைந்த ஆற்றலில் உரக்க ஒலிக்கச் செய்யப்பட்டவை. அவற்றின் எஃப்.எஸ். பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். கூம்பின் ஓட்டமும் குறைவு. தரையை நடுக்கும் தியேட்டர் ஒலி அவற்றில் வராது. ஹோம் சப்வூஃபருக்கென்றே செய்த வூஃபர்தான் சிறந்தது; சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு வரை போய் வர மனம் இருந்தால் தேர்வு விரியும். எந்த வகையானாலும் விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஃபோம் விளிம்பு இந்தக் கடற்கரை வெக்கையில் உதிர்ந்துபோகும்.

மரத்தில்தான் நம் ஊரின் தனித்தன்மை அதிகம் வெளிப்படுகிறது. ஆசாரியிடம் பெட்டி வேலையைச் சொன்னால், "பண்ருட்டிப் பலா இருக்கும்போது பிளைவுட் எதுக்குங்க?" என்று கேட்பார். மிருதங்கமும் வீணையும் பலாவில் கடைவது அந்த மரம் தானும் சேர்ந்து பாடும் என்பதால். சப்வூஃபர் பெட்டியோ பாடவே கூடாது. வூஃபர் மட்டுமே ஒலிக்க, பெட்டி கல்போல இருக்க வேண்டும். மேலும் முழுமரம் மழைக்காலத்தில் குறுக்குவாக்கில் விரிந்து கோடையில் சுருங்கும். மூட்டுகள் விட்டுக்கொடுத்துக் காற்று கசிந்தால் மூடிய பெட்டி மூடிய பெட்டியாக இருக்காது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அடர்த்தியானது, சீரானது, ரூட்டரில் வெண்ணெயாக வெட்டுப்படும். உலர்ந்த ஊரில் நானும் அதையே சொல்வேன். ஆனால் அதன் வெட்டுமுனையை ஈரம் தொட்டால் போதும், ஓரம் உப்பி, திருகு பிடித்த இடம் பொடிப்பொடியாகிவிடும். ஒருமுறை உப்பியது மீண்டும் அமுங்காது. சப்வூஃபர் தரையில் உட்காரும் பொருள் என்பதை மறக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தபோது தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளை நினைத்துப் பார்த்தால், இங்கே எம்.டி.எஃப். பெட்டியைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

18 மி.மீ. பிளைவுட்டே சரி. அதிலும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரத்தில், ஈரத்தை ஓரளவே தாங்கும் எம்.ஆர். என்று முத்திரையிட்டதை விட்டுவிட்டு, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையைக் கேளுங்கள், பணம் இடம்கொடுத்தால் ஐ.எஸ். 710 மரைன் பிளை. வாங்கும்போது வெட்டுமுனையை உற்றுப் பாருங்கள். அடுக்குகளுக்கிடையே இருட்டுச் சந்துகள் தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். அந்தச் சந்துகள் பின்னால் கடகடக்கும். வூஃபர் உட்காரும் முன்பலகையை இரண்டாக ஒட்டிக்கொள்ளுங்கள். திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரணத் திருகின் தலை உப்புக்காற்றில் விரைவிலேயே செம்பழுப்பாகிவிடும். மூடிய பெட்டிக்குள் நிரப்ப இலவம்பஞ்சு வேண்டாம், நாளடைவில் அமுங்கிக் கட்டியாகும். தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு போதும். போர்ட் பெட்டிக்கு நிரப்புவதே கூடாது, சுவர்களில் மட்டும் ஒட்ட வேண்டும். கசிவு பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 25 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, ஏற்றிய ஊதுவத்தியை மூட்டுகளின் ஓரமாக நகர்த்தினால், கசியும் இடத்தில் புகைக்கோடு நடுங்கும்.

ஆம்ப்ளிஃபயர் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் டி.பி.ஏ.3116 சிப் வைத்த சிறு ஆம்ப்ளிஃபயர் போர்டுகளின் அட்டையில் 100 வாட் என்று இருக்கும். 24 வோல்ட்டில் 4 ஓம் சுருளுக்குச் சிதைவில்லாமல் ஏறக்குறைய 70 வாட்டுக்கு மேல் சுருளின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் இத்தகைய பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபயர் எதனாலும் தர முடியாது. 10 அடிக்கு 12 அடி அறைக்கு அது ஓரளவு போதும். ஆனால் மூடிய பெட்டிக்கு ஆற்றல் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால், முடிந்தால் இருமடங்கு ஒதுக்குங்கள். போர்டைப் பெட்டியில் பதிக்காமல் வெளியே தனியாக வைத்தால் காற்றுக்கசிவுக்கு ஒரு துளை குறையும். ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, அவற்றுக்கும் சப்வூஃபருக்கும் ஒலி பிரியும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள்.

மூடிய பெட்டியின் பக்கம் என்னைச் சாய்க்கும் இன்னொரு காரணம் அதன் சிறிய உருவம். ஒரு பெரிய போர்ட் பெட்டி பிடிக்கும் இடத்தில் இரண்டு சிறிய மூடிய பெட்டிகள் அடங்கும். இரண்டு 10 அங்குலக் கூம்புகளின் பரப்பு ஒரு 12 அங்குலக் கூம்பைவிடக் கணிசமாக அதிகம். அந்த இரண்டையும் ஒரே சிக்னலில் இணைத்து, ஒன்றைத் திரைச்சுவரின் நடுவிலும் மற்றதை எதிர்ச்சுவரின் நடுவிலும் வைத்தால், நீளவாக்கில் எழும் 47 ஹெர்ட்ஸ் நிலையலையை இரு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று எதிராகத் தூண்டி அடக்கிவிடும். கான்கிரீட் அறையின் பெருந்தொல்லையான அந்த ஒற்றைச் சுர முழக்கத்தை, பெட்டி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், தனியாக ஒன்றால் இந்த அளவுக்குக் குறைக்க முடியாது.