நன்றாகப் பராமரித்த ஃபோர் பை ஃபோர்: டீலருக்கா, எக்ஸ்சேஞ்சுக்கா, நேரடியாகவா?

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகக்கூடிய என் ஃபோர் பை ஃபோர் வண்டியை விற்க முடிவெடுத்ததும் நான் முதலில் போனது ஒரு டீலரிடம். ஒன்பது வருட சர்வீஸ் பில்களை ஒரு தடித்த ஃபைலில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். அவர் ஃபைலைத் திறக்கவே இல்லை. எந்த வருட மாடல், எத்தனை கிலோமீட்டர், எத்தனை கை மாறியது என்று கேட்டுவிட்டு ஒரு தொகை சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. டிங்கரிங், பாலிஷ் எல்லாம் பார்த்து, விற்கும்வரை தன் பணத்தை அதில் முடக்கி, சில நேரம் வாரண்டியும் கொடுத்துத்தான் அவர் லாபம் பார்க்க வேண்டும். சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலை நான் தவணை தவறாமல் மாற்றியதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

ஃபோர் பை ஃபோர் மற்ற கார்களிலிருந்து வேறுபடுவது இங்கேதான். டிரான்ஸ்ஃபர் கேஸ், திரும்பும்போது இரு பக்கச் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் முன்னும் பின்னும், கூடுதல் ஷாஃப்ட், சில மாடல்களில் முன் சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கவும் விலக்கவும் உதவும் லாக்கிங் ஹப் என்று, செலவு வைக்கக்கூடிய பாகங்கள் இதில் அதிகம். சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் இவற்றின் நிலை தெரியாது. ஆகவே பராமரிப்புக்கான ஆதாரம், வண்டியை வைத்து ஓட்டப்போகிறவருக்குப் பெரிய விஷயம். வாங்கி விற்கிறவருக்குச் சின்ன விஷயம். நேரடி விற்பனை பக்கம் நான் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எக்ஸ்சேஞ்ச் எப்படி? பழையதை ஓட்டிப் போய்ப் புதியதில் திரும்பி வரலாம், அலைச்சல் இல்லை. ஆனால் பழைய வண்டிக்கு நல்ல விலை போட்டுவிட்டு, புதியதில் கொடுக்க வேண்டிய தள்ளுபடியைக் குறைத்துவிட வாய்ப்பு உண்டு. எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புது வண்டியின் விலை என்ன என்று முதலில் தனியாகக் கேளுங்கள். அப்புறம் பழையதைப் பற்றிப் பேசுங்கள். சில இடங்களில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த தொகைக்குத்தான் புதியதில் வரி. அப்படியானால் அந்தச் சேமிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கமிஷனுக்கு விற்றுத் தருபவர்களிடம் விடுவது நடுவழி. வண்டி அவர்கள் இடத்தில் நிற்கும் காலத்தில் யார் ஓட்டுகிறார்கள், யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள்.

நேரடி விற்பனையில் விலை கூடும், கூடவே வேலையும் கூடும். போன் அழைப்புகள், வருவதாகச் சொல்லி வராதவர்கள், பார்க்காமலே பாதி விலை கேட்பவர்கள் எல்லாம் உண்டு. எல்லோருக்குமான விளம்பரத்தில் இவர்கள்தான் அதிகம். அந்த மாடலை ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள், அதைப் பார்க்கும் மெக்கானிக், சேர்ந்து பயணம் போகிற குழு ஆகியோரிடம் சொல்லிவைத்தால் வருகிறவர்கள் குறைவு, ஆனால் கேட்கிற கேள்விகளே வேறாக இருக்கும். என் வண்டியை வாங்கியவர் ஸ்டீரியோ பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக அடியில் படுத்து சேஸிஸைப் பார்த்தார். டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொன்னார். தண்ணீர் உள்ளே புகுந்திருந்தால் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்படிப்பட்டவர் வரப்போகிறார் என்று நினைத்தே வண்டியைத் தயார் செய்ய வேண்டும். அடிப்பகுதிக்குப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடிக்காதீர்கள். துருவை மறைக்கிறீர்களோ என்றுதான் தோன்றும். சேற்றைக் கழுவினால் போதும். வாங்குபவர் வருவதற்கு முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். ஆறிய எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை அவர் பார்க்கட்டும். நான்கு டயரும் ஒரே அளவில், கிட்டத்தட்ட ஒரே தேய்மானத்தில் இருப்பது நல்லது.

நான்கு சக்கரத்துக்கும் சக்தி அனுப்பும் ஃபோர் வீலையும், மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு ஓட்ட உதவும் லோ ரேஞ்ச் கியரையும் போட்டுக் காட்டுவது மண் தரையில்தான் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் போடும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் பார்ட் டைம் வண்டிகளில், முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் இடையே நடு டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருளும். காய்ந்த தார் ரோட்டில் சக்கரம் வழுக்க வழியில்லாததால் அந்த வித்தியாசம் ஷாஃப்டையும் கியர்களையும் முறுக்கும். தார் ரோட்டில் நீங்கள் அதைப் போட்டுக் காட்டினாலே, இத்தனை வருடமும் இப்படித்தான் ஓட்டினீர்களோ என்று விவரமானவர் யோசிப்பார். குறை ஏதும் இருந்தால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் பின் ஆக்ஸில் சீலில் இருந்த லேசான கசிவைக் காட்டிய பிறகுதான் எங்கள் பேச்சு இயல்பானது.

சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச், ரூஃப் ரேக், கூடுதல் விளக்குகள் போட்டிருந்தால் அதற்குச் செலவழித்த பணம் வண்டியின் விலையில் முழுதாகத் திரும்பாது. கழற்றித் தனியாக விற்று, கம்பெனி பாகங்களை மறுபடி மாட்டுவது பெரும்பாலும் லாபம். உயரம் ஏற்றிய சஸ்பென்ஷன் அப்படியல்ல. அதைக் கழற்றுவது பெரிய வேலை. அப்படியே விற்றால் வாங்குகிறவர்கள் குறைவு, ஆனால் அதையே தேடுகிற ஒருவருக்கு அது சந்தோஷம்.

இவ்வளவும், பாடிக்கு அடியில் ஏணி போன்ற தனிச் சட்டமான லேடர் ஃபிரேமும் லோ ரேஞ்சும் உள்ள வண்டிகளுக்குத்தான். 1951-ல் தொடங்கிய லேண்ட் குரூசர் வரிசை, 1970-ல் வந்து 2018-ன் நான்காம் தலைமுறையிலும் லேடர் ஃபிரேமை விடாத ஜிம்னி போன்றவற்றைத் தேடி வாங்கும் கூட்டம் எப்போதும் உண்டு, அவர்களுக்காகக் காத்திருக்கலாம். தேவைப்படும்போது மட்டும் பின் சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும், லோ ரேஞ்ச் இல்லாத சாலை வண்டிகளுக்கு அப்படி ஒரு கூட்டம் குறைவு. அதை வைத்திருப்பவர் இரண்டு மூன்று டீலர்களிடம் விலை கேட்டு, வித்தியாசம் சிறிதாக இருந்தால் கொடுத்துவிடலாம். அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவருக்கும், கடன் பாக்கி அதிகமுள்ளவருக்கும் டீலரே வசதி.

சரி, நேரடியாக விற்கிறீர்கள் என்றால், ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள், நீங்களும் கூட உட்காருங்கள். பணம் வந்துவிட்டது என்று அவர் போனில் காட்டும் படத்தை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள். ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெயர் மாறும்வரை அபராதமும் விபத்துப் புகாரும் உங்கள் பெயருக்கே வரக்கூடும் என்பதால், மாற்றத்துக்கான தாள்களை அவரிடம் கொடுத்துவிட்டு விட்டுவிடாமல், கூடவே போய் முடித்துவிடுங்கள்.